நல்ல தண்ணீரில் கழுவிய கடல்

ரூவி, மஸ்கட்
18.6.2007

என் மகள் ரினிக்கு, உன் மாமா மரியசிலுவை சொல்லி எழுதுவது. மாதா உன்னைத் தன் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காக்கட்டும்.

தேதியை பிருந்தா மேலே போட்டிருக்கிறாள். எனக்குத் தேதி எங்கே தெரியும்? ஊரில் சிக்குன்குனியா வந்து ஆளாளுக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தோமே, அதற்கு மறுவருஷம் இது. சதாமைத் தூக்கில் போட்டதை டிவியில் காட்டி ஆறு மாசம். உலகக் கோப்பையில் நம்மவர்கள் முதல் ரவுண்டிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியதற்கு நம் ஊர்ப் பையன்கள் கிளப் டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்தார்களே, அந்த வருஷம். இங்கே ஓமான்காரர்கள் இனிமேல் எதையும் கோனு புயலுக்கு முன்னால், பின்னால் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது.

இதை எழுதுகிற பிருந்தா எதிர் ஃப்ளாட்டுக்காரி, மதுரைப் பக்கம். அவள் வீட்டுக்காரர் பத்மநாபன் எஞ்சினியர். லீவில் ஊருக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டால் மதுரையில் இறங்கித் தபாலில் சேர்த்துவிடுவார். ஜெபராணி வீட்டிலேயே இருக்க எதற்கு அடுத்த வீட்டுப் பெண் என்று நீ கேட்பாய். என் தம்பி மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, ஜெபராணி தங்கம். ஆனால் நான் சொல்வதைத்தான் அவள் எழுதுகிறாளா என்று இனி எனக்குச் சந்தேகம் வரும். நான் பேசுகிறபடியே எழுதம்மா, அழகுபடுத்தாதே என்று பிருந்தாவிடம் சொல்லியிருக்கிறேன். சரி அங்கிள் என்கிறாள். இருந்தாலும் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

போன் வேலை செய்யத் தொடங்கியதுமே உனக்குப் போட்டேன். மாமா, மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அங்கே மழையா என்று கேட்டேன். ஆமா மாமா, கடல் ஏறிக் கிடக்கு, ஒரு வள்ளமும் போகல என்றாய். வைத்துவிட்டேன். நான் பேச வந்தது மழையைப் பற்றி இல்லை. உன் வீட்டுக்காரன் கிளிட்டஸைப் பற்றி. அரபியின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போன என் மகனை ஈரான்காரன் ஜெயிலில் வைத்திருக்கிறான் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தேனே, அதைப் பற்றி. உன் குரலைக் கேட்டதும் நாக்கு எழவில்லை. அதனால்தான் கடிதம். பதறாதே, உட்கார்ந்து படி. முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மற்றது விளங்காது.

இந்த நாட்டில் மழையே கிடையாது பெரியப்பா, உங்க நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லித்தான் ஜெபராணி என்னை விசிட் விசாவில் அழைத்து வந்தாள். வந்து ஒரு மாசம் ஆகவில்லை, இந்தப் புயல். ரூவித் தெருக்களில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நாங்கள் மூன்றாம் மாடி, எங்களுக்குச் சேதமில்லை. ஆனால் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலை நின்றுபோய், குழாயில் காற்றுதான் வந்தது. தெருவில் இடுப்பளவு வெள்ளம், வீட்டில் குடிக்கச் சொட்டு இல்லை. டேங்கர் லாரி வருகிற இடத்தில் மலையாளி, பாகிஸ்தானி, ஓமானி எல்லாரும் கேனோடு ஒரே வரிசையில். பாய், ஜல்தி, யல்லா என்று ஒரே கூச்சல். என் நரைத்த தலையைப் பார்த்து ஒரு பாகிஸ்தானிப் பட்டாணியன் என் கேனைத் தானே சுமந்து மாடிவரை கொண்டுவந்து வைத்தான். நல்லவன்.

ஜெபராணி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவிக்குச் சர்க்கரை ஊசி போடப் போவாளே, சொல்லியிருக்கிறேன் உனக்கு. மதாம் என்றுதான் கூப்பிடுகிறோம். எண்பது வயது. புருஷன் இங்கே எண்ணெய்க் கம்பெனியில் இருந்து இறந்தவர். அதன் பிறகும் ஊர் திரும்பாமல், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு குருமில் கடற்கரை ஓரத்தில் ஒரு தரை வீட்டில் இருந்தாள். புயலுக்கு மறுநாள் ஜெபராணி யார் யாரையோ கெஞ்சி ஒரு பிக்கப் வண்டி பிடித்துப் போய் அவளை நம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். பியானோ சேற்றில் குப்புறக் கிடந்ததாம். கிழவி கையில் பெட்டி இல்லை, பை இல்லை. சட்டம் போட்ட ஒரு படத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கண்ணாடி உடைந்து உள்ளெல்லாம் சேறு. அவளுக்கு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு ஜெபராணி டூட்டிக்கு ஓடிவிட்டாள். நானும் படமும் மட்டும் மிச்சம்.

கடல் படம். கேமராவில் எடுத்ததில்லை, கையால் வரைந்து அச்சுப் போட்டது. நாலைந்து நிறம்தான்: கறுப்பு, கருநீலம், மங்கின பச்சை. நிலா வெளிச்சத்துக்கு நிறமே வைக்காமல் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தான் வரைந்தவன், கெட்டிக்காரன். ஒரு பாய்த்தோணி, அதன் பின்தலையில் ஒரு விளக்கு. வேறு ஆளில்லை, அலையில்லை. கீழே எழுத்து, அதற்கும் கீழே ஐந்து கோட்டில் தொற்றிக்கொண்டிருக்கிற புள்ளிகள். எனக்கு எழுத்தும் புள்ளியும் ஒன்றுதான்.

உப்புத் தண்ணீர் பட்டது எதுவானாலும் காயப் போடுமுன் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வலையானாலும் சட்டையானாலும் கடலில் விழுந்த இஞ்சினானாலும் நமக்கு அதுதான் வழக்கம். கிளிட்டஸின் கைக்கடிகாரத்தையே குடத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தவள் உன் மாமியார். அந்தப் புத்திதான் எனக்கும் வந்தது. உப்பும் சேறும் ஊறினால் நாளைக்கு இந்தக் காகிதம் பொடிந்துவிடுமே, பாவம் கிழவி என்று நினைத்தேன். சட்டத்தைக் கழற்றினேன். துணி நனைக்கிற பெரிய டப்பில், டேங்கரில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, படத்தைப் படுக்கப் போட்டேன். யாரிடம் கேட்பது, கிழவிதான் தூங்குகிறாளே.

சேறு போயிற்று. அதற்குப் பிறகு தண்ணீர் நீலமாக மாறத் தொடங்கியது. படம் முழுக்கக் கரைகிறது, அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பொருளையும் நான் கரைத்துவிட்டேன் என்று நினைத்து அவசரமாகத் தூக்கிப் பார்த்தேன். கடல் அப்படியே இருந்தது. நிலா இருந்தது. தோணி இருந்தது. தோணிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நீலம் கரைந்திருந்தது. அந்த இடத்தில் ஓர் ஆள்.

தண்ணீருக்கு மேலே தலையும் ஒரு கையும். வாய் திறந்திருந்தது.

முன்பு அங்கே ஆள் இல்லை. என் கண்ணுக்குக் கடலில் ஒரு மிதவை கூடத் தப்பாது, உனக்குத் தெரியும். படத்தைத் துவாலையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். அப்படியேதான் ஜெபராணி வந்து பார்த்தாள். நீலத் தண்ணீரைப் பார்த்ததும், குடிக்கத் தண்ணி இல்லாம நாக்கு வறண்டு கிடக்கோம், நீங்க படத்துக்குக் குளிப்பாட்டு நடத்துறீங்களா பெரியப்பா, வெயில்ல மூளை உருகிப் போச்சா என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் மதாம் எழுந்து வந்தாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். விரலை அந்த ஆள்மேல் வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள். அவள் பாஷையில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாள். ஜெபராணி தோளைத் தொட்ட பிறகுதான் இங்கிலீஷுக்கு வந்தாள். ஜெபராணி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் ஒரு கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு இப்படிப் படமாகக் காட்டுவார்களாம். பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்க, ஒருவர் பாடுவாராம். பிறகு பாட்டையும் படத்தையும் சேர்த்துப் புத்தகமாக அச்சடித்து விற்றார்களாம். அதில் ஒரு தாள் இது. மதாமின் அப்பா இந்தப் பாட்டைப் பாடுவாராம். அவர் மீன்பிடிக் கப்பல்காரர். அவளுக்கு ஆறு வயசில் போனவர் வரவில்லை. அப்பா தூர தேசத்தில் வேலையில் இருக்கிறார் என்று சொல்லி வளர்த்தார்கள். பிறகு ஒரு நாள், அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, உன் அப்பன் கடலில் போனான் என்று சொன்னதற்கு அவளைப் பல்லில் ரத்தம் வர அடித்தாளாம். புத்தகத்தை அம்மா எரித்துவிட்டாள். இந்த ஒரு தாளை மட்டும் சட்டம் போட்டு மகளின் கட்டிலுக்கு மேலே மாட்டினாள். அந்த ஆள்மேல் நீலம் பூசி மறைத்ததும் அம்மாதான் என்று மதாமுக்கு இப்போதுதான் விளங்கியது.

அதன் பிறகு மதாம் பாடிக் காட்டினாள். உடைந்த குரல். சொல் மறந்துபோய் வெறும் ராகம். தாலாட்டு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது, ஓர் இடத்தில் சட்டென்று ஏறி வீறிட்டது. மறுபடியும் இறங்கிப் போயிற்று. ஜெபராணி சொன்னாள்: பெரியப்பா, இவ்வளவு அமைதியான கடலுக்கு இந்தப் பாட்டு ஏன் இந்த இடத்துல கத்துதுன்னு மதாம் சின்ன வயசுல அம்மாகிட்ட கேட்டாங்களாம். அது அப்படித்தான், ஒழுங்கா வாசின்னு அம்மா அதட்டினாங்களாம். வாழ்நாள் பூரா வாசிச்சிருக்காங்க, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்காங்க, ஏன்னு தெரியாமலே.

மதாம் இன்னொன்று சொன்னாள். ஜெபராணி அதையும் தமிழாக்கினாள்: எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எல்லாரும் சேர்ந்து எங்கிட்ட மட்டும் மறைச்சு, என்னைச் சிரிக்க வச்சுக்கிட்டு… அங்கே ஜெபராணி நிறுத்தினாள். மிச்சத்தைச் சொல்லு பிள்ளே என்றேன். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் காலைப் பிடித்துக்கொண்டு, நாங்களும் உங்களுக்கு இதைத்தானே பெரியப்பா செஞ்சோம் என்றாள்.

கிளிட்டஸ் ஈரான் ஜெயிலில் இல்லை என்றாள்.

பிருந்தா பேனாவை வைத்துவிட்டாள். எழுதம்மா என்கிறேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது எழுதுகிறாள்.

நான் அழவில்லை மகளே. டேங்கர் வந்துட்டா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கேனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. குழாய்க்காரன், பாபா, கேன் வையுங்க, கேன் வையுங்க என்றான். வெறும் கேனோடு மாடியேறி வந்துவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் அப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை.

என் ஞாபகம்தான் எனக்கு எதிரி இப்போது. அந்த இரண்டு வருஷத்தையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் வேறு முகம் காட்டுகிறது. நான் நெஞ்சுவலியோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்தபோது கோயில் மணி அடிக்கவில்லை. மணியின் நாக்கு கழன்று விழுந்துவிட்டது என்று மணி அடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார். நானும் நம்பி, கொல்லனைக் கூப்பிடுங்கப்பா என்று ஆலோசனை வேறு சொன்னேன். பையன்கள் குனிந்துகொண்டார்கள். கிளிட்டஸுக்கு அடிக்க வேண்டிய துக்க மணியை என் காதுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் மாமியார் மீன் சாப்பிடுவதை நிறுத்தினாள். வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை என்றாள். குழம்பு கூட்டுகிற நேரத்தில் அழுவாள். மிளகாய் என்பாள். ஒரு வருஷம் அப்படியே இருந்து, அதோடேயே போய்விட்டாள். மகனுக்காக ஒரு தடவை வாய்விட்டு அழாமல் போனாளே, எனக்குக் கேட்டுவிடும் என்றுதானே. குளச்சல் பஸ் ஸ்டாண்டில் உன்னை ஒரு நாள் வெள்ளைச் சேலையில் பார்த்தேன், கழுத்தில் தாலி இல்லை. என்ன மகளே என்றதற்கு, தாலிக்கொடி அறுந்து தட்டானிடம் கொடுத்திருக்கு மாமா, இந்தச் சேலை அந்தோணியாருக்கு நேர்ச்சை என்றாய். வீட்டுக்கு வரும்போது பச்சைச் சேலையும் பூவுமாக வந்தாய். நான் போகும்போதெல்லாம் சீட்டாட்டம் நின்றுபோகும். நான் வயசாளி என்று மரியாதை தருகிறார்கள் என நினைத்தேன். ஒரு ஊரே, ரினி. பால் ஊற்றுகிறவன்வரை. ஒருவன் வாயிலிருந்தும் தவறவில்லை. நம் ஆட்களுக்கு ஒரு ரகசியத்தை ஒரு மணி நேரம் காக்கத் தெரியாது என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

நாலைந்து மாசத்துக்கு ஒரு தடவை, எம்பசியில விசாரிச்சேன் பெரியப்பா, நல்லா இருக்கானாம், விட்டுருவாங்களாம் என்று ஜெபராணி போனில் சொல்வாளே. அது வந்த அன்றைக்கெல்லாம் நீ பாயசம் வைத்தாய். அந்தப் பாயசத்தை நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளிட்டஸ் வேலை பார்த்த ராஸ் அல் கைமாவுக்கு ஜெபராணி போன் போட்டுக் கொடுத்தாள். கிளிட்டஸோடு அந்த அரபியின் வள்ளத்தில் போனவர்களில் கரை சேர்ந்தது கீழக்கரைப் பையன் கௌஸ் முகைதீன்தான். கடலை விட்டுவிட்டு இப்போது டைல்ஸ் ஃபாக்டரியில் இருக்கிறான். நான் கிளிட்டஸின் அப்பன் என்றதும் வாப்பா என்றான். பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னான். சூறைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. கூட இருந்த வங்காளி அப்போதே போய்விட்டான். இவர்கள் இரண்டு பேரும் ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். தூங்கிராத மாப்ளே, தூங்கிராத என்று கிளிட்டஸ் பேசிக்கொண்டே இருந்தானாம். ஊர்க்கதை, உன் கதை, நான் வலை பிரித்துக்கொண்டே தூங்கி விழுகிற கதையெல்லாம் சொல்லிச் சிரித்தானாம். நான் தூங்கிட்டேன் வாப்பா, அவன் பேச்சு நின்னது எனக்குத் தெரியல வாப்பா என்று அந்தப் பையன் போனில் கதறினான். கடலில் வருகிற தூக்கத்துக்கு யாரும் பொறுப்பில்லை, நீ தூங்கியதால்தான் இன்றைக்கு உன் உம்மாவுக்குப் பிள்ளை இருக்கிறான், அழாதே என்றேன். எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

மதாமை பிரான்ஸ் எம்பசிக்காரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். படத்தை எடுத்துக்கொண்டுதான் போனாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்து என்னவோ சொன்னாள். அப்போது ஜெபராணி வீட்டில் இல்லை, எனக்குப் புரியவில்லை. நான் தமிழில் பதில் சொன்னேன். அதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது.

இனி உன் காரியம். என் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னாராம், அதனால்தான் மறைத்தீர்களாம். நீ ஆரம்பத்திலேயே, மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று சண்டை போட்டாய் என்று ஜெபராணி சொன்னாள். உன் மாமியார்தான் உன்னிடம் சத்தியம் வாங்கினாள் என்றாள். அவள் போன பிறகும் அந்தச் சத்தியத்தைச் சுமந்தாயே. மண்டைக்காட்டுப் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற பையன், பெண்டாட்டி செத்தவன், போன வருஷம் உன்னைக் கேட்டு வந்தான் என்றும் சொன்னாள். நான் போயிட்டா மாமாகிட்ட என்ன காரணம் சொல்றது என்று நீ மறுத்துவிட்டாய். முப்பத்திரண்டு வயசில், செத்தவனை உயிரோடு வைத்துக் காட்டுவதற்காக நீ என் வீட்டில் பூ வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாய். இதை நினைத்தால்தான், ஜெபராணி சொன்ன அன்றைக்கு வராத நடுக்கம் இன்றைக்கு வருகிறது.

இந்த மாசக் கடைசியில் கிளிட்டஸுக்கு இரண்டாம் ஆண்டுப் பூசை வைத்திருக்கிறீர்கள் என்றும், மணி அடித்து வைக்கலாம் என்பதற்காகத்தான் என்னை இங்கே கூட்டி வந்ததென்றும் தெரிந்துகொண்டேன். அதைத் தள்ளி வை மகளே. ஃபாதரிடம் நான் சொன்னதாகச் சொல். டிக்கெட்டை மாற்றச் சொல்லிவிட்டேன், அடுத்த மாசம் முதல் வாரம் வந்துவிடுவேன். நான் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். மணி ஊர் முழுக்கக் கேட்க அடிக்க வேண்டும். என் நெஞ்சைப் பற்றி ஒருவரும் பேசக்கூடாது.

பூசை முடிந்த மறுநாள் அந்த ஐஸ் கம்பெனிப் பையனை வீட்டுக்கு வரச் சொல். அவன் இன்னும் காத்திருந்தால். நான் பேசுகிறேன். அவனைப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. ஆனால் காரணமாக என்னைச் சொல்லாதே.

ஏர்போர்ட்டுக்கு நீ வரும்போது எந்தச் சேலையில் வர வேண்டும் என்று தோன்றுகிறதோ அந்தச் சேலையில் வா. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் மாமா
மரியசிலுவை
(இடது பெருவிரல் ரேகை)

ரேகை வைத்த பிறகு ஞாபகம் வந்ததை பிருந்தா கீழே எழுதுகிறாள். பூசையில் வாசிக்கப் பெயர் கொடுக்க வேண்டுமே. இறந்தவர்களுக்கு: என் அப்பா சூசை, அம்மா மரியம்மை, என் தம்பி வியாகுலம், உன் மாமியார் செபஸ்தியாள். அதற்கடுத்து நம் கிளிட்டஸ். அவன் பெயரை ஃபாதர் நிறுத்தி, தெளிவாக வாசிக்கட்டும். உயிரோடிருப்பவர்களுக்கும் ஒரு பூசை கேள். அதில் என் பெயர் வேண்டாம், எனக்கு இனி எதற்கு. நம் வீட்டிலிருந்து உயிரோடிருப்பவர் என்று வாசிக்க ஒரே ஒரு பெயரைக் கொடு: ரினி.